நிபுணர் பேச்சா, சொந்தப் புத்தியா: கட்டுவிரியன் கடித்த ராத்திரியிலிருந்து தொடங்கி

வாசகர் கேள்வி, அக்டோபர் 3

கொரோனா வந்தபோது முதலில் மாஸ்க் வேண்டாம் என்றார்கள், அப்புறம் கட்டாயம் என்றார்கள். ஒரு மருந்தைத் தூக்கிப் பிடித்தார்கள், அப்புறம் அதையே வேண்டாம் என்றார்கள். நெருக்கடி என்று வந்தால் பெரும்பாலான நிபுணர்கள் சொல்வதைக் கேட்பதா, நம் புத்திக்குப் பட்டதைச் செய்வதா? நான் இரண்டாவது கட்சி. பாட்டி சொன்னதைக் கேட்டு யாரும் கெட்டுப்போனதில்லை.

அக்டோபர் 3, இரவு 9.40

நானும் ரொம்ப வருஷம் உங்கள் கட்சியில்தான் இருந்தேன். எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம்தான் காரணம்.

சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறோம். 2009 ஐப்பசி மாதம், சித்தப்பா மகன் திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. விடியக்காலை மூன்று மணி வாக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். காலில் கையில் ஒரு காயம் இல்லை, வீக்கம் இல்லை. முந்தின ராத்திரி கடையில் பரோட்டா சாப்பிட்டிருந்தான். சித்தி ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். வாயு என்றேன் நான். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வலி அடங்கவில்லை. நாலரை மணிக்கு மெயின் ரோட்டில் ஒரு கிளினிக்கைத் தட்டி எழுப்பினோம். டாக்டரும் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு கேஸ்தான் என்று ஊசி போட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்து படுக்க வைத்தோம். ஆறு மணிக்கு அவன் சொன்னான்: "அண்ணே, கண்ணத் தொறக்க முடியல." தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அவன் முழித்துத்தான் இருக்கிறான். இமை இரண்டும் பாதிக்கு மேல் ஏற மறுக்கிறது. என்னைப் பார்க்கவேண்டும் என்று மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறான். பேச்சும் மூக்கால் பேசுவது போல வந்தது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு கம்பவுண்டர் மாமா வந்தார். பெரிய படிப்பெல்லாம் இல்லாத மனுஷன். வாசலில் நின்றபடியே ஒரே கேள்வி கேட்டார்: "ராத்திரி தரையிலயா படுத்தான்?" ஆமாம் என்றோம். "கட்டுவிரியன். தூக்குங்க."

வெற்றிலை ஏற்றும் டாடா ஏஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். அங்கேயே விஷமுறிவு மருந்தை ஆரம்பித்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் ஆரப்பாளையம் தாண்டும்போது மூச்சு திணற ஆரம்பித்தது. ஐந்து நாள் வென்டிலேட்டர். பதினோராம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தான்.

படித்த டாக்டர் தவறவிட்டார், படிக்காத மனுஷன் பிடித்தார். பதினைந்து வருஷமாக இந்தக் கதையை இப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 3, இரவு 10.20

கதை சொன்ன வேகத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியே இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. தூக்கத்தில் கடிபட்டவருக்குக் கடித்ததே தெரியாது. தரையில் படுத்தவர் விடியக்காலையில் வயிற்றுவலி, தொண்டைவலி, இமை தொங்கல் என்று சொன்னால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே மருந்துதான். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டிய வேலையும் இல்லை.

அக்டோபர் 4, காலை 7.10

ராத்திரி எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு சங்கடம். பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும், இதுதானே ஊரில் எல்லோருக்கும் தெரிந்த புத்தி? அதை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்தேன். பாட்டி இல்லை. ஏழாம் வகுப்பு சார். கரும்பலகையில் காலை வரைந்து, கடித்த இடத்துக்கு மேலே இரண்டு கோடு போட்டுக் காட்டினார். அந்தக் காலத்து மருத்துவர்கள் சொன்னதுதான் அது. அவர்கள் மாற்றிக்கொண்டார்கள், நாம் பிடித்துக்கொண்டோம். இன்று அதற்கு நாட்டு அறிவு என்று பெயர்.

அக்டோபர் 4, மாலை

மாஸ்க் விஷயம் கேட்டிருந்தீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான். 2020 மார்ச் 25 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு நம் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில். அதற்கு மூன்று நாள் கழித்து, இது காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னது. ஏப்ரல் தொடக்கத்தில் நம் நாட்டில் வீட்டில் தைத்த துணிக் கவசம் போடச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்குத் துணி மாஸ்க் நல்லது என்று சொன்னது ஜூன் 5-ல். ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, இது காற்றில் மிதந்து பரவுகிறது, கவனியுங்கள் என்று எழுதினார்கள். நிறுவனம் அதை முழுதாக ஒத்துக்கொள்ள இன்னும் வெகுநாள் பிடித்தது.

பெரும்பான்மை தவறியது, சந்தேகமில்லை. ஆனால் அதைத் தவறு என்று பிடித்தவர்கள் யார்? அவர்களும் நிபுணர்கள்தான். காற்றில் துகள் எப்படி மிதக்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையே தொழிலாகப் பார்த்தவர்கள் அவர்களில் பலர். தும்மினால் எச்சில் ஆறடியில் விழுந்துவிடும் என்று மருத்துவத்தில் பல காலமாகச் சொல்லி வந்ததை, அது உங்கள் துறைக் கணக்கு இல்லை, எங்கள் துறைக் கணக்கு என்று சொல்லிப் பார்த்தார்கள். எத்தனை நிபுணர்கள் சொல்கிறார்கள் என்று எண்ணுவதற்கு முன்னால், இது யாருடைய வேலை என்று கேட்டிருக்கவேண்டும்.

நம் புத்தி மட்டும் அப்போது என்ன செய்தது? கிருமியா, மருந்தடி என்றது. ஏப்ரலில் திருப்பூரில் ஆரம்பித்து, சந்தை வாசல்களில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். நான் வெற்றிலை கொண்டுபோன சந்தையிலும் இருந்தது. கூடையோடு அதற்குள் நடந்திருக்கிறேன். கண் எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்றுதான் நினைத்தோம். ஆட்கள் மேல் அடிக்கக்கூடாது, கெடுதல், பிரயோஜனமும் இல்லை என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 18-ல் சொன்னது. அப்பா அதற்கப்புறமும் ஒரு மாதம், அந்தச் சுரங்கம் இருந்தபோது தைரியமாக இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 6

"பாட்டி சொன்னதைக் கேட்டு யாரும் கெட்டதில்லை" என்ற வரி மூன்று நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் பாட்டி என்று கேட்கவேண்டும்.

எனக்கு இரண்டு பேர். அப்பாவைப் பெற்றவர், பிள்ளைக்கு வயிற்றால் போனால் தண்ணீரை நிறுத்திவிடுவார். "ஊத்த ஊத்தப் போகும்யா" என்பார். குடத்தில் தண்ணீர் ஊற்றினால் ஓட்டை வழியாகப் போகத்தானே செய்யும்? புத்திக்கு அதுதான் படும். அம்மாவைப் பெற்றவர் மேலூர் பக்கம். அவர் வடிகஞ்சியில் உப்புப் போட்டு ஒவ்வொரு கரண்டியாக, பிள்ளை துப்பத் துப்ப ஊட்டுவார். இரண்டு பேருமே அனுபவசாலிகள். இரண்டு பேருமே நிறையப் பிள்ளை வளர்த்தவர்கள். அப்பத்தாவுக்கு நடுவில் இரண்டு தவறிப்போனது. அதை அவர் சாகும்வரை மாரியம்மன் கணக்கில்தான் வைத்திருந்தார். குறை சொல்லி எழுதவில்லை. அவருக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 7

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு சகோதரி, உப்புச் சர்க்கரைக் கரைசலின் கதையும் இங்கே வரவேண்டும் என்றார். வாஸ்தவம்.

1971. வங்கதேசப் போர். அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிகிறார்கள், காலரா. மேற்கு வங்கத்தில் பன்கான் என்ற எல்லை ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ். நோயாளிகள் தரையில் அவர்கள் கழிவிலேயே கிடக்கிறார்கள், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டே வருகிறது. காலரா முற்றினால் நரம்பில்தான் ஏற்றவேண்டும் என்பது அன்றைய பெரும்பான்மைக் கருத்து. அவர் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, டிரம்மில் கரைத்து வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதத்துக்குப் போயிருந்த சாவு அவர் பொறுப்பில் இருந்த முகாமில் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அவர் 2022-ல் காலமானார். மறுவருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

"பார்த்தீர்களா, பெரும்பான்மையை மீறினவர்தான் ஜெயித்தார்" என்று உடனே ஒரு தம்பி எழுதிவிட்டார். தம்பி, அவர் கண்ணை மூடிக்கொண்டு மீறவில்லை. சர்க்கரை சேர்ந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுக்கும் என்பது அதற்கு முன்பே ஆய்வில் தெரிந்திருந்தது. 1968-ல் டாக்காவில் நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்திருந்தார்கள். பெரும்பான்மை இன்னும் படிக்காத பக்கத்தை அவர் படித்திருந்தார். எங்கள் மேலூர்ப் பாட்டியின் வடிகஞ்சி ஏன் வேலை செய்தது என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. கஞ்சியில் இருக்கும் மாவு குடலுக்குள் போய்ச் சர்க்கரையாகத்தானே மாறுகிறது.

அக்டோபர் 7, இரவு

கொடிக்கால்காரன் பாடு ஒன்றும் சொல்கிறேன். கொடி வாடி இலை தொங்கினால் நம் கை தானாக மடையைத் திறக்கும். வாடினால் தண்ணீர், இதற்கு மேல் என்ன புத்தி வேண்டும்? ஆனால் அது வாடல் நோயாக இருந்தால் அடித்தண்டும் வேரும் அழுகிக்கொண்டிருக்கும். தண்ணீர் விட விட அது பக்கத்துக் கொடிக்கும் ஓடும். விவசாய அதிகாரி வந்து, தண்ணீரை வடித்துவிடுங்கள், வாடினதைப் பிடுங்கி எரித்துவிட்டு மற்றதுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை ஊற்றுங்கள் என்றார். கேட்கவில்லை. எட்டு நாளில் நாலு பாத்தி போய்விட்டது. ஒன்பதாம் நாள் ஒரு கொடியை இழுத்துப் பார்த்தேன். வேர் கையோடு வரவில்லை, தண்டு மட்டும் கறுத்து, வழவழவென்று, அழுகல் நாற்றத்தோடு வந்தது.

அக்டோபர் 9

முல்லைப்பெரியாறு பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். தயக்கம்தான். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

1895-ல் திறந்த அணை. சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் சேர்ந்த கலவை. 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி ஊரே அடித்துக்கொண்டு போனது. அதைப் பார்த்து கேரளத்தில் பயம் வந்தது. அந்த வருஷமே நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள். அப்புறம் அணையின் மேலே கான்கிரீட் தொப்பி, உள்ளே கம்பி நங்கூரம், பின்னால் கான்கிரீட் முட்டு எல்லாம் போட்டுப் பலப்படுத்தினார்கள். நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு வெள்ளம், கட்டுமானம், நிலநடுக்கம் மூன்றையும் பார்த்து, அணை பலமாக இருக்கிறது என்று 2012-ல் அறிக்கை கொடுத்தது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

நான் நிபுணர் குழு பக்கம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலூர் வரை எல்லோரும் அந்தப் பக்கம்தான். பென்னிகுவிக் படத்தைச் சாமி படத்தோடு மாட்டியிருக்கிற வீடுகள் எத்தனையோ. "இத்தனை வருஷம் நின்னது இனிமேலும் நிக்கும்" என்பது இங்கே புத்தி. "இத்தனை வருஷப் பழசு எப்படி நிக்கும்" என்பது அணைக்குக் கீழே கேரளத்தில் இருக்கும் வண்டிப்பெரியாற்றில் புத்தி. அணை ஒன்றுதான், வயசும் ஒன்றுதான். வீடு அணைக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் புத்தி போகிறது.

அக்டோபர் 9, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதில் நேர்மைக் குறைவு இருக்கிறது. நான் குழு அறிக்கையைப் படித்து அந்தப் பக்கம் போகவில்லை. குழு எனக்குச் சாதகமாகச் சொன்னதால் குழுவை நம்பினேன். எதிராகச் சொல்லியிருந்தால் "ஏசி ரூமில் உட்கார்ந்தவர்களுக்கு என்ன தெரியும்" என்று இதே கையால் எழுதியிருப்பேன். கேரளத்துக்காரர்களும், பெரிய நிலநடுக்கத்தை அணை தாங்காது என்ற ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆய்வை அப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அணைக்குக் கீழே பிள்ளைகளைத் தூங்க வைக்கிறவருக்கு என் நிபுணரைக் காட்டி "பயப்படாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அணை பலமாக இருக்கிறது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் மழைக்காலத்தில் அவர் தூங்காமல் கிடப்பதை முட்டாள்தனம் என்று இனி சொல்லமாட்டேன்.

அக்டோபர் 12: ஒரு திருத்தம், தயவுசெய்து எல்லோரும் படிக்கவும்

3-ஆம் தேதி எழுதியதில் ஒரு பெரிய தப்பு.

சித்தியிடம் போனில் பேசினேன். நீங்கள் எல்லோரும் அந்தக் கதையைப் பாராட்டி எழுதியதைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. "கம்பவுண்டர படிக்காதவருன்னா எழுதுன? அவரு மருந்தாளுநர் படிப்புப் படிச்சு சர்டிபிகேட் வாங்குனவருடா. கவர்மென்ட்ல இருபத்தாறு வருஷம் வேல பாத்தவரு. அன்னைக்கு அவரு இமையத் தூக்கிப் பாத்து, வாயத் தொறக்கச் சொல்லி, கழுத்தத் தூக்கச் சொல்லி எல்லாம் சோதிச்சாரே, நீயுந்தான நின்ன?"

நின்றேன். இப்போது ஞாபகம் வருகிறது. வாசலில் நின்றபடி ஒரு கேள்வி கேட்டு முடிக்கவில்லை. உள்ளே வந்து, கட்டை விரலால் இமையைத் தூக்கி, "தலையத் தூக்கு, இன்னும் தூக்கு" என்று சொல்லி, அவனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்று பார்த்த பிறகுதான் "கட்டுவிரியன்" என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றால் என்ன செய்யவேண்டும் என்று வண்டியில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தவரும் அவர்தான்.

இத்தனையையும் நான் கதையிலிருந்து கழற்றியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. சொல்லச் சொல்ல உதிர்ந்திருக்கிறது. படிக்காத மனுஷன், ஒரே கேள்வி, டாக்டர் தோற்றார் என்று இருந்தால் கேட்பவர்களுக்குப் பிடிக்கிறது, எனக்கும் பிடித்தது. இருபத்தாறு வருஷ வேலையைப் பிடுங்கிக்கொண்டு அவருக்கு "நல்ல புத்தி" என்று பட்டம் கொடுத்திருக்கிறேன். மாமாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

நம் மொழியில் பட்டறிவு என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் பொதுப்புத்தியோடு சேர்த்துக் குழப்பிவிட்டேன். பட்டறிவு பட்டவருக்குத்தான் வரும். அன்றைக்கு அந்தத் திண்ணையில் நின்ற பதினைந்து பேருக்கும் பொதுப்புத்தி இருந்தது. பதினைந்து பேரும் பரோட்டா என்றோம்.

அக்டோபர் 13

"அப்படியென்றால் அந்த கிளினிக் டாக்டர்?" என்று கேட்கிறீர்கள். அவர் படித்தவர்தான், தவறவிட்டார், அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் நாங்களும் "பரோட்டா சாப்பிட்டான் சார்" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே போனோம். தரையில் படுத்தான் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

வைகைக் கரையில் இருக்கும் ஒருவர், "வெள்ளம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், நேரடியாகச் சொல்லுங்கள்" என்கிறார். வைகை அணை 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. தண்டோரா போட்டால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போவேன். போய், தண்ணீர் வராவிட்டால் எனக்கு நஷ்டம் ஒரு ராத்திரித் தூக்கம். போகாமல், வந்துவிட்டால்? கேட்டுத் தவறினால் என்ன போகும், கேட்காமல் தவறினால் என்ன போகும் என்று பார்த்துக்கொள்கிறேன். அதே சமயம், ஆற்று மணலில் எந்த இடத்தில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதை அணை அதிகாரியைவிடக் கரையில் மாடு மேய்க்கிறவர் சரியாகச் சொல்வார். அவர் வேலை அது.

அக்டோபர் 19

கம்பவுண்டர் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தேன். எண்பத்தொரு வயது. காது கொஞ்சம் மந்தம். மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் என்னத்துக்குப்பா" என்று கையை ஆட்டிவிட்டார். அந்தக் கேள்வி எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

தோன்றவில்லையாம். சொல்லிக் கொடுத்தது.

1987-ல் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்திருக்கிறார். காலையில் ஒன்பது வயசுப் பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். தொண்டை வலிக்கிறது, எச்சில் முழுங்க முடியவில்லை. டாக்டர் பார்த்து மருந்து எழுதினார், மாமாதான் மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மத்தியானம் அதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இல்லை. வீட்டில் பாயை உதறினபோது பாம்பு இருந்திருக்கிறது. மறுநாள் டாக்டர் எல்லா ஊழியர்களையும் கூப்பிட்டு நிற்க வைத்து, "விடியக்காலையில வயித்துவலி, தொண்டைவலின்னு யார் வந்தாலும் ராத்திரி எங்க படுத்தீங்கன்னு கேளுங்க. நேத்து நான் கேக்கல" என்றாராம். ஊசி போடும் அறைச் சுவரில் அதை மாமாவைக் கொண்டே எழுத வைத்தாராம்.

அதிலிருந்து வருகிறவர்களை எல்லாம் கேட்டிருக்கிறார். முக்கால்வாசிப் பேர் தரையில் படுத்தவர்கள்தான், அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. சிலர் சிரிப்பார்களாம். ரிட்டயர்டு ஆகிற வரைக்கும் அந்தக் கேள்வியில் சிக்கியவர்கள் இரண்டு பேர். "ஒங்க தம்பி மூணாவது."

கிளம்பும்போது, தம்பிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இரண்டு என்றேன். "எங்க படுக்குதுக?" என்றார். புழுக்கத்துக்கு வராண்டாவில் பாய் போட்டுத்தான் என்றேன். "கொசுவலை வாங்கிக் கட்டச் சொல்லு. ஓரத்தப் பாய்க்கு அடியில நல்லா சொருகணும், சும்மா தொங்கவிட்டா பிரயோஜனம் இல்ல" என்றார். அவர் வாசலில் நின்றே தம்பிக்குப் போன் போட்டேன்.